பூட்டி வைத்தாலும் கம்ப்யூட்டர் தேயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் நாளிதழில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேப் பற்றிய செய்தி படத்தோடு வந்திருந்தது. மானிட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் சிபியு பெட்டிகள், எல்லாவற்றின் மேலும் தூசி. படத்துக்குக் கீழே "காலாவதியான கணினிகள்" என்று போட்டிருந்தீர்கள். தூத்துக்குடியில் 22 வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்த ஒரு சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மருந்து மாத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு, கம்ப்யூட்டருக்கு அப்படி எதுவும் அச்சடித்து வருவதில்லை. உள்ளே இருக்கிற நூற்றுக்கணக்கான பாகங்களில் ஒன்றோ இரண்டோ தேய்ந்து போகும், அதோடு மொத்தப் பெட்டியும் நின்றுவிடும், நாம் எல்லாமே போய்விட்டது என்று முடிவுகட்டி மூலையில் தள்ளிவிடுகிறோம். எது தேய்ந்தது, எதனால் தேய்ந்தது என்று பார்த்தால் அந்த அடுக்கில் பல எழுந்து வரும் என்பது என் அனுபவம்.

எங்கள் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர், கோடை லீவு முடிந்து பள்ளி திறந்ததும், லோடு ஆட்டோவில் 10 கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். லேபில் மொத்தம் 14. ஏப்ரல் கடைசியில் பூட்டும்போது 12 ஓடிக்கொண்டிருந்தன, ஜூனில் திறந்தால் நான்குதான் ஒழுங்காக ஓடுகிறது. "அண்ணாச்சி, பிள்ளைங்க யாருமே தொடலை, பூட்டித்தானே வச்சிருந்தோம், எப்பிடிக் கெட்டுப்போகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் சும்மா வைத்திருந்தால் ஒரு பொருள் தேயாது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம்.

முதல் பெட்டியை ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, திரையில் எழுத்து வந்தது, எஃப்1 பட்டனை அழுத்தச் சொல்லி அப்படியே நின்றது. தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கிற பெரிய போர்டான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. 3 வோல்ட் இருக்க வேண்டியது என் மல்டிமீட்டரில் 2.4 காட்டியது. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற கடிகாரத்துக்கு இந்தப் பேட்டரிதான் சோறு. பிளக்கில் கரண்ட் வந்துகொண்டிருந்தால் கடிகாரத்துக்கு அதிலிருந்தே கிடைத்துவிடும், பேட்டரிக்கு வேலை குறைவு. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் ராத்திரி பகலாக பேட்டரி மட்டும்தான். ஏற்கெனவே வயதான பேட்டரி அந்தக் கோடை லீவில் முழுசாகத் தீர்ந்துபோகும். புதிது போட்டேன், தேதியைச் சரி செய்தேன், ஓடியது. வந்த பத்தில் மூன்று பெட்டிகளுக்கு இதுதான் நோய், மருந்தின் விலை ஐம்பது ரூபாய்கூட இல்லை. வீடுகளிலும் இப்படித்தான். தேதி தப்பாகிவிட்டால் பிரவுசரில் பல தளங்கள் திறக்காது, இணைப்பு பாதுகாப்பாக இல்லை என்று மிரட்டும், உடனே வைரஸ் என்று நினைத்து யாராவது ஃபார்மேட் அடித்துக் கொடுத்துக் காசு வாங்கிவிடுவார்கள். ஃபார்மேட் அடித்த பிறகும் அதே மிரட்டல்தான் வரும்.

அடுத்தது டிஸ்பிளே வராத பெட்டி. நினைவகத் தகடான ராமைக் கழற்றினால் தங்க முலாம் பூசிய பற்களில் மங்கலாக ஒரு படலம். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் போட்டதும் 'பீப்' சத்தம் வந்து திரை வெளிச்சமானது. இது எங்கள் ஊரின் நோய். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, ஊரைச் சுற்றி உப்பளம், ஐப்பசி கார்த்திகையில் மழையின் ஈரம் வேறு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கடத்தும், செம்பை அரிக்கும். கம்ப்யூட்டர் தினமும் ஓடினால் உள்ளே எப்போதும் லேசான சூடு இருக்கும், ஈரம் தங்காது. மாதக்கணக்கில் அணைத்துப் பூட்டி, கடலைப் பார்த்த ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தால், போர்டின் மேல் உப்பு ஈரம் படிந்தபடியே இருக்கும். அந்த நிலையில் திடீரென்று ஒரு நாள் கரண்ட் கொடுத்தால், போர்டில் மின்சாரம் ஓடுகிற பக்கத்துப் பக்கத்துச் செம்புக் கோடுகளுக்கு நடுவே உலோகம் நகர்ந்து மெல்லிய வேர் போலப் படர்ந்து ஷார்ட் ஆகும். வந்த பத்தில் ஒரு போர்டில் யூஎஸ்பி ஜாக்குகளைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கோடுகள் இரண்டு இடத்தில் அறுந்தே போயிருந்தன. அதைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு பெட்டிக்குள் பல்லி செத்துக் கருகிக் கிடந்தது. பூட்டிக் கிடக்கிற பெட்டி அதற்கு நல்ல குடியிருப்பு. பின்னால் ஒரு கார்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை மூடாமல் விட்டிருந்தார்கள், அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப் போவதுதான் கம்ப்யூட்டரில் நிஜமாகவே வயதாகிற பாகம், மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுக்கிற சின்ன டப்பி. கெப்பாசிட்டர்.

ஒரு பெட்டியில் ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும், மறுபடி அரைச் சுற்று, மறுபடி நிற்கும். என் கடையில் சோதனைக்கு வைத்திருக்கிற எஸ்எம்பிஎஸ்-ஐ (பிளக்கில் வரும் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி) மாட்டினேன், ஜம்மென்று ஓடியது. பழைய எஸ்எம்பிஎஸ்-ஐத் திறந்தால் உள்ளே மூன்று கெப்பாசிட்டர்கள் மண்டை உப்பி நிற்கின்றன. விரல்நுனி அளவு அலுமினிய டப்பி, தலையில் பெருக்கல் குறி போலக் கீறல் இருக்கும், உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாகப் பிரியட்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை மேஜை மாதிரிச் சமமாக இருக்கும். இவை மூன்றிலும் குவிந்திருந்தது, ஒன்றில் கீறல் பிளந்து காபித்தூள் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. (அடியில் வெளிர்நிறப் பசை இருந்தால் ஒழுகிவிட்டது என்று ஏமாறக்கூடாது. டப்பி ஆடாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஒட்டுகிற பசை அது.) ஒன்று பத்துப் பதினைந்து ரூபாய். மூன்றையும் மாற்றினேன், அந்தப் பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது.

அந்த டப்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஏன் தேய்கிறது என்பதும் புரியும். இரண்டு அலுமினியத் தகடுகளை, தாள் போல மெல்லியவை, நடுவில் நிஜத் தாளை வைத்துப் பாய் மாதிரிச் சுருட்டியிருப்பார்கள். தாள் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற வேலை அந்தப் படலத்தால்தான் நடக்கிறது. டப்பியின் வாயை ரப்பரால் அடைத்திருப்பார்கள், ஆனாலும் வருஷக்கணக்கில் திரவம் அந்த ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். திரவம் குறையக் குறைய உள்ளே தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் வேகமாகக் காயும். டப்பியின் மேலேயே 105 டிகிரி என்று எழுதியிருக்கும். கம்பெனி கொடுக்கிற விவரத்தாளில் அந்த 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று பல ரகங்களுக்குப் போட்டிருப்பார்கள். 2000 மணி நேரம் கேட்கவே பயமாக இருக்கும், மூன்று மாதம்கூட வராது. ஆனால் எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு, 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு. 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம், தினம் எட்டு மணி நேரம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 11 வருஷம். அதே பெட்டியில் தூசி அடைத்து உள்ளே சூடு 75 ஆனால் ஐந்தரை வருஷம்தான். அந்தப் பத்து டிகிரியை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு சின்ன ஃபேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பஞ்சு மில் ஆபீஸ்களிலிருந்து வருகிற பெட்டிகளில் ஃபேன் இறக்கைகளின் மேல் கம்பளி மாதிரிப் பஞ்சு சுற்றியிருக்கும், அந்தப் பெட்டிகளில் கெப்பாசிட்டர் உப்புவதும் சீக்கிரம்தான்.

இதில் ஒரு கூத்து உண்டு. கெப்பாசிட்டர் பாதி காய்ந்த பெட்டி காலையில் ஆன் ஆகாது. நான்கைந்து தடவை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தால், உள்ளே லேசாகச் சூடேறி, திரவம் இளகி, ஓட ஆரம்பித்துவிடும். "காலையில மக்கர் பண்ணும், அப்புறம் சரியாயிரும்" என்று ஆபீஸில் பழகிக்கொள்வார்கள். மானிட்டரும் இப்படித்தான், வெளிச்சம் வந்து இரண்டு நொடியில் கறுத்துப் போகும், பத்து நிமிஷம் கழித்துப் படம் நிலைத்து நிற்கும். இந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் நூறு, இருநூறு ரூபாயோடு போகும். விட்டுவிட்டால் அந்தக் கெப்பாசிட்டர் கெடுக்கிற மின்சாரம் பக்கத்துப் பாகங்களையும் கொண்டுபோய்விடும்.

வருஷக்கணக்கில் கரண்டே காட்டாமல் போட்டாலும் கெப்பாசிட்டர் கெடும், ஆக்சைடு படலம் மெல்ல மெல்ல நலியும். கோடை லீவில் பெரிதாக ஒன்றும் ஆகாது, மூன்று நான்கு வருஷம் மூலையில் கிடந்தால் ஆகும். அவ்வப்போது மின்சாரம் ஓடினால் அந்தப் படலம் தானே சீராகிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

இப்படி ஆவது நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1999-லிருந்து 2007 வரை உலகம் முழுக்கக் கெப்பாசிட்டர்கள் கூட்டம் கூட்டமாக உப்பின. உள்ளே ஊற்றிய திரவத்தில் தண்ணீர் அதிகம், அலுமினியத்தை அந்தத் தண்ணீரிடமிருந்து காக்க வேண்டிய சேர்மானம் சரியில்லை, அதனால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி டப்பிகள் வெடித்தன. டெல் கம்பெனி தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து கொடுக்க 2005-ல் 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. அந்தக் காலத்தில் நான் தொழிலுக்குப் புதிது, எந்த மதர்போர்டைத் திறந்தாலும் பிராசசரைச் சுற்றி ஐந்தாறு டப்பிகள் உப்பி நிற்கும். சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கை பழகியதே அதில்தான். அதற்குப் பிறகுதான் மதர்போர்டுகளில் திரவம் இல்லாத திடக் கெப்பாசிட்டர்கள் பரவலாக வந்தன, அவை நன்றாக உழைக்கின்றன. எஸ்எம்பிஎஸ்-இலும் மானிட்டரிலும் பெரும்பாலும் இன்னும் பழைய திரவ வகைதான்.

சிப்பு தேயாது என்றும் பலர் சொல்வார்கள். தேயும். உள்ளே ஓடுகிற மின்சாரமே உலோக அணுக்களைத் தள்ளிக்கொண்டு போகும், சிப்புக்குள் இருக்கிற உலோகக் கோடு ஒரு இடத்தில் மெலிந்து அறும், அமெரிக்காவில் பிளாக் என்ற பொறியாளர் 1969-லேயே இதற்குக் கணக்கு போட்டுக் காட்டியிருக்கிறார். சூடும் வோல்டேஜும் கூடினால் சிப்பு இன்னும் சீக்கிரம் தேயும். இன்டெல் 2011 ஜனவரியில் தன் 6 சீரிஸ் சிப்செட்டில் (பிராசசருக்குத் துணையாக மதர்போர்டில் இருக்கிற சிப்பு) ஹார்ட் டிஸ்க் இணைப்புகள் நாளாக ஆக நலிந்துபோகும் என்று தானே அறிவித்தது, மாற்றிக் கொடுக்க 700 மில்லியன் டாலர் ஆகும் என்றது. 2024-ல் அதே இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களில் வோல்டேஜ் அளவுக்கு மேல் போய்ச் சிப்பு தேய்ந்ததால் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் எங்கள் கடைக்கு வருகிற சாதாரணக் கம்ப்யூட்டர்களில் சிப்பே தேய்ந்து போனதாக நான் பார்த்தது மிகக் குறைவு.

சிப்பைப் போர்டோடு பிடித்திருக்கிற சால்டர் வேறு கதை. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் சால்டரில் ஈயத்துக்குத் தடை வந்ததும் உலகமே வேறு கலவைக்கு மாறியது. ஈயம் விஷம், அது போனது நல்லதுதான். புதுக் கலவை கடினமானது, அவ்வளவாக வளைந்து கொடுக்காது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கடியில் இருக்கிற குண்டூசித் தலை அளவு உருண்டைகளில் விரிசல் விழும். இங்கே என் தொழில்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லேப்டாப்பில் டிஸ்பிளே வரவில்லை என்றால் சிலர் ஹாட் ஏர் காட்டிச் சிப்பைச் சுட வைத்து, படம் வந்ததும் மூவாயிரம் நாலாயிரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் ஓடும், அதே இடத்தில் நிற்கும். கஷ்டப்பட்டுச் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு இரண்டாவது தடவை என்னிடம் வந்து நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொழில்காரர்களே, தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். வாடிக்கையாளர்களே, என்ன பாகம் மாற்றினீர்கள், கழற்றியது எங்கே என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க் பற்றி மட்டும் கொஞ்சம் பயமுறுத்தவே விரும்புகிறேன். மற்ற எது போனாலும் வாங்கிவிடலாம். டீச்சர் கொண்டுவந்ததில் ஒரு டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது, அதில்தான் ஏழு வருஷத்து ஆண்டுவிழாப் படங்கள், வேறு எங்கும் பிரதி இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும், மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் தகவலைப் படிக்கிற தலை உரசி, தகட்டில் எழுதியதே சுரண்டிப்போகும். அந்தப் படங்கள் எதுவும் கிடைக்கவில்லை. சுற்றுகிற தகடு இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி-யில் சத்தமே வராது, ஒரு நாள் சொல்லாமல் போய்விடும். அதில் தகவல் என்பது சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். எழுதி எழுதி அழிக்க அழிக்க அறையின் சுவர் தேயும், கரண்டே கொடுக்காமல் வருஷக்கணக்கில் வெயில் அறையில் போட்டுவைத்தால் மின்னூட்டம் கசியும். பென்டிரைவும் இதே வகைதான், கல்யாணப் படத்தை ஒரே பென்டிரைவில் போட்டு பீரோவில் பூட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, டீச்சரின் கணக்குக்கு வருகிறேன். பத்தில் எட்டு எழுந்து வந்தன. களிம்பு ஏறிய போர்டும் பல்லி விழுந்த பெட்டியும் போனவை போனவைதான், அவற்றின் ராமையும் ஃபேனையும் கழற்றி மற்றவற்றுக்குப் போட்டேன், டிஸ்க் போன பெட்டிக்குப் பல்லி விழுந்ததன் டிஸ்க்கையே மாற்றினேன். மொத்தச் செலவு புது கம்ப்யூட்டர் ஒன்றின் விலையில் கால்வாசிகூட வரவில்லை. எட்டையும் ஏற்றி அனுப்பும்போது இரண்டு வார்த்தைதான் சொன்னேன். லீவிலும் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், எல்லாவற்றையும் ஆன் செய்து வையுங்கள். யூபிஎஸ் பேட்டரியும் அதில் சார்ஜ் ஆகிக்கொள்ளும், காலியாகவே கிடந்தால் அதன் ஈயத் தகடுகளில் ஈய சல்ஃபேட் என்ற உப்புப் படிந்து செத்துப் போகும். வருஷம் இரண்டு தடவை பெட்டியைத் திறந்து புளோயரால் தூசியை ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதை, முக்கியமாக எஸ்எம்பிஎஸ்-ஐ, நீங்கள் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

அவர் செய்தார். சனிக்கிழமைகளில் வாட்ச்மேன் அண்ணனும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து ஸ்விட்சைப் போடுகிறார்களாம். ஒரு நோட்டில் எந்தப் பெட்டி என்ன சத்தம் போட்டது, எது ஆன் ஆக லேட் ஆகிறது என்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். போன வாரம் அந்த நோட்டைக் காட்டினார். 'நம்பர் 6, கரகரன்னு சத்தம்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. போய்ப் பார்த்தேன், ஃபேனில் எண்ணெய் காய்ந்திருந்தது. நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கூடப் போடுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் வந்தால் உதவியாக இருக்கும், அதற்குப் பிறகு லேப்களைப் பூட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்,
தூத்துக்குடி.